கேம் ரவுண்டு: நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்டவை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர்கள், படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். முதலில் ரெஸ்யூம் திருத்தத்தான் வந்தார்கள். இப்போது வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "அக்கா, கேம் ரவுண்டுல என்ன செய்யணும்?" என்பதுதான். நான் சென்னையில் எட்டு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவள். அங்கிருந்தபோது கேம் ரவுண்டு எனக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். ஆயிரம் விண்ணப்பத்தை நூறாக்கித் தரும். அதை ஆடிவிட்டு வரும் முகங்களை இங்கே வந்த பிறகுதான் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி மாளவில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேம் ரவுண்டு என்று எதைச் சொல்கிறார்கள்?

வேலைக்கு ஆள் எடுக்கும்போது வினாத்தாளுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ கணினியில் அல்லது செல்லில் சின்னச் சின்ன ஆட்டங்களை ஆடச் சொல்வார்கள். எத்தனை சரி, எத்தனை தவறு என்பதோடு, எவ்வளவு நேரத்தில் தட்டினீர்கள், தப்பு செய்த பிறகு எப்படி மாறினீர்கள் என்பதும் பதிவாகும். அதெல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண் ஆகிறது.

இதே பெயரில் வேறு இரண்டும் உலவுகின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, பழைய கேள்வித்தாளுக்கே படமும் கதையும் பூசியது. "வாடிக்கையாளர் கோபமாக வருகிறார், என்ன செய்வீர்கள்?" என்பதைப் பொம்மை வைத்துக் கேட்பார்கள். இன்னொன்று விளம்பரம். அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4 அன்று ஆள் சேர்ப்பை மனதில் வைத்து 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டு, இருபது வருடம் நடத்தியது. மேரியட் ஹோட்டல்காரர்கள் 2011-இல் ஃபேஸ்புக்கில் ஒரு சமையலறையை நடத்தும் விளையாட்டை விட்டார்கள். அதில் தோற்றால் யாரும் உங்களைக் கழிக்கப்போவதில்லை. "நம்ம கம்பெனிக்கு வாங்க" என்று கூப்பிடும் கூப்பாடு அது. நம் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குவது, மேலே முதலில் சொன்ன, கழித்துக்கட்டும் ஆட்டம்.

எந்தெந்த வேலைக்கு இது வரும்?

பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள், பன்னாட்டு நிறுவனங்கள், சில ஆலோசனை நிறுவனங்கள். இந்தியாவில் கல்லூரி முடிக்கும் பிள்ளைகளை எடுக்கும்போது ஆட்டம் வைக்கும் பெரிய பெயர்களில் கேப்ஜெமினி ஒன்று. உலக அளவில் யூனிலீவர் 2016 வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டது.

டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அங்கே வினாத்தாள்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களிலும் நான் பார்த்தவரை மேஜைக்கு முன் உட்காரவைத்து நேரே பேசுகிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் இருக்கும் சோஹோ மென்பொருள் நிறுவனம், நிரல் எழுதச் சொல்லும் சுற்றுகளுக்குப் பேர் போனது. அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

என்னென்ன ஆட்டம் வரும்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பெயரும் வண்ணமும் மாறும், உள்ளே இருப்பது ஐந்தாறு வகைதான்.

கட்டத்தில் புள்ளி. ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே இரண்டு உருவங்களைக் காட்டி, "ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா?" என்று கேட்கும். பதில் தட்டியதும் அடுத்த புள்ளி, அடுத்த உருவம். நான்கைந்து முறை ஆனதும், புள்ளிகள் வந்த இடங்களை வந்த வரிசையிலேயே தொட்டுக் காட்ட வேண்டும். கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் விலை கேட்டு, பதில் சொல்லிவிட்டு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோமே, அந்தத் திறமைதான் இது.

வரிசை மாற்றம். மேலே வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம். கீழே முக்கோணம், வட்டம், நட்சத்திரம், சதுரம். நடுவில் எந்த எண் இருந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதாக மாறும்? விடை 3142. மேல் வரிசையில் மூன்றாவதாக இருந்தது கீழே முதலாவதாக வந்திருக்கிறது, முதலாவது இரண்டாவதாக. பார்க்கச் சுலபம். நேரம் ஓடும்போது கண் சுற்றும். அப்புறம் இரண்டு எண்களை அடுத்தடுத்துப் போட்டு மாற்றச் சொல்வார்கள், அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

கட்டை நகர்த்தல். அடைத்து நிற்கும் கட்டைகளைத் தள்ளிப் பந்தைக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும், முடிந்தவரை குறைந்த நகர்த்தலில். நெல்லை வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸும் ஆட்டோவும் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, எதை முதலில் பின்னால் எடுத்தால் வழி திறக்கும் என்று யாராவது ஒருவர் இறங்கி நின்று கை காட்டுவாரே, அவர் இதில் நல்ல மதிப்பெண் வாங்குவார்.

எண் நிரப்பல். காலிக் கட்டங்களில் ஒரே இலக்கத்தை இரண்டாம் முறை போடாமல் கணக்கைச் சரிசெய்வது. கூட்டல், பெருக்கல் எது முதலில் என்ற பள்ளிக்கூட விதி மறந்திருந்தால் இங்கே அடி விழும்.

இவை போக, ஒரு வரிசையில் ஒரே உருவம் இரண்டு முறை வராதபடி நிரப்புவது (சுடோக்குதான், எண்ணுக்குப் பதில் உருவம்), முகத்தைப் பார்த்து என்ன உணர்ச்சி என்று சொல்வது, சிவப்பு நிறத்தில் 'பச்சை' என்று எழுதிக் காட்டி "எழுத்தின் நிறம் என்ன?" என்று கேட்பது. இந்தக் கடைசி ஆட்டம் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து வந்தது. புள்ளி ஆட்டமும் ஞாபகசக்தியை அளக்க ஆய்வுக்கூடங்களில் வெகுகாலமாக வைத்திருப்பதுதான். புதுக் குப்பியில் பழைய கஷாயம்.

பலூன் ஊதச் சொல்கிறார்களே, எத்தனை தடவை ஊதலாம்?

இந்த ஒரு கேள்விக்காகவே பலர் மாடிப்படி ஏறி வருகிறார்கள்.

ஆட்டம் இதுதான். பொத்தானை அழுத்த அழுத்தப் பலூன் பெரிதாகும், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கொஞ்சம் காசு சேரும். வெடிக்கும் முன் 'எடுத்துக்கொள்' என்று சொன்னால் காசு உங்கள் கணக்கில். வெடித்தால் அந்தப் பலூனில் சேர்ந்தது போச்சு. எப்போது வெடிக்கும் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட சோதனை இது. அவர்கள் 30 பலூன் கொடுத்தார்கள், அழுத்தத்துக்கு 5 சென்ட். அதிகபட்சம் 128 அழுத்தம், சராசரியாக 64-இல் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். கணக்குப்படி 64 வரை ஊதுவதுதான் லாபம். ஆனால் ஆடியவர்களில் பெரும்பாலோர் அதற்கு வெகுமுன்பே கையை எடுத்துவிட்டார்கள். வேலைக்கு வரும் ஆட்டத்தில் இந்த எண்கள் வேறு, அதனால் 64-ஐ மனப்பாடம் செய்து பயனில்லை.

பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி, பி.எஸ்ஸி. கணிதம், வீட்டில் உட்கார்ந்து ஆடியிருக்கிறான். பின்னால் கட்டிலில் அவன் ஆச்சி. மூன்றாவது பலூன் வெடித்ததும் ஆச்சி எழுந்து வந்து நின்றுகொண்டார். பத்து ஊதியதும், "போதும்ல, எடுத்து வையி. ஆசைப்பட்டா வெடிச்சிரும்ல." மிச்சப் பலூன் முழுவதும் பத்து, பத்து, பத்து. தேர்வாகவில்லை. "ஆச்சிதான்க்கா கெடுத்துட்டா" என்று இன்றைக்கும் சொல்கிறான். ஆச்சியைப் பொறுத்தவரை பேரன் ஒரு பைசா நஷ்டப்படவில்லை, பிறகென்ன?

நான் அவனிடம் சொன்னது: அந்த ஆட்டம் உன் துணிச்சலை அளக்கிறது, நீ கொடுத்தது ஆச்சியின் துணிச்சலை. வெடித்த பிறகு பயந்து சுருங்கினாயா, கோபத்தில் இன்னும் ஊதினாயா, நிதானமாக எல்லையைத் தேடினாயா என்பதும் பதிவாகிறது. சரியான விடை என்று ஒன்று கிடையாது. விற்பனை வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊதுகிறவரை விரும்பலாம், கணக்குச் சரிபார்க்கும் வேலைக்கு ஆச்சி மாதிரி ஆளே போதும்.

பைமெட்ரிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் (2013-இல் தொடங்கியது, 2022-இல் ஹார்வர் நிறுவனம் வாங்கிவிட்டது) இன்னொரு வழியைப் பரப்பியது. கம்பெனியில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறவர்களை முதலில் ஆடவைப்பது, புதிதாக வருபவரின் ஆட்டம் அவர்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு: உள்ளே இருக்கிறவர்களைப் போலவே இருக்கிறவர்களைத்தானே மறுபடி மறுபடி எடுப்பார்கள்? வேறு மாதிரி யோசிக்கிற, வேறு மாதிரி வளர்ந்த பிள்ளைக்கு இடம் எங்கே?

விண்ணப்பிக்கிறவர்களுக்கு இது பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா?

ஆடும்போது பிடிக்கிறது, முடிவு வந்த பிறகு கசக்கிறது. நான் கேட்டவரைக்கும் இதுதான். முடிவு கசப்பது எல்லாத் தேர்வுக்கும் உள்ளதுதானே என்பீர்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது.

ஆப்டிட்யூட் தேர்வில் தோற்ற பிள்ளை, "கணக்கு வரலக்கா" என்று சொல்லும். நேர்முகத்தில் தோற்றால், "இங்கிலீஷ் தடுக்கிட்டு." கேம் ரவுண்டில் தோற்ற பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைப்பதில்லை. "எதுலன்னே தெரியல." இந்த 'தெரியல'தான் கசப்பின் வேர் என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். கில்லிலாண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993-இல், ஒரு தேர்வு முறையை விண்ணப்பதாரர் எப்போது நியாயம் என்று கருதுவார் என்று வகுத்து எழுதினார். கேட்பது வேலையோடு சம்பந்தப்பட்டதா? என் திறமையைக் காட்ட இடம் கிடைத்ததா? எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தினார்களா? முடிவைச் சொன்னார்களா, காரணம் சொன்னார்களா? மரியாதையாக நடத்தினார்களா? பிறகு 2004-இல் மூன்று ஆய்வாளர்கள் 86 ஆய்வு மாதிரிகளை, மொத்தம் 48,750 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நேர்முகமும், செய்து காட்டச் சொல்லும் வேலை மாதிரித் தேர்வும், ரெஸ்யூமும் மேலே இருந்தன. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது, தெரிந்தவர் மூலம் எடுப்பது போன்றவை கீழே கிடந்தன. (சிபாரிசு யாருக்கும் பிடிக்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில், நமக்குக் கிடைக்காத சிபாரிசுதான் பிடிக்காது.)

அந்த அளவுகோலைக் கேம் ரவுண்டின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே ஆட்டம், அது சரி. மரியாதை விஷயத்தில் பழுதில்லை, கணினி யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. மேலப்பாளையத்துத் தங்கை ஒருத்தி சொன்னாள்: "இன்டர்வியூல உள்ளே நுழையும்போதே என்னை எடை போட்டுருவாங்கக்கா. கேம்ல என் பேரு, ஊரு, டிரெஸ் எதுவும் அதுக்குத் தெரியாதுல்லா?" அவள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேலையோடு என்ன சம்பந்தம் என்ற கேள்வியில் கேம் ரவுண்டு சறுக்குகிறது. சோஹோ மாதிரி இடத்தில் நிரல் எழுதச் சொல்லித் தோற்றால் பிள்ளைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, போய் உட்கார்ந்து நிரல் எழுதிப் பழகுகிறான். பலூன் வெடித்தால் எதைப் பழகுவான்?

விளையாட்டு வைக்கும் கம்பெனி புதுசாக யோசிக்கிற கம்பெனி என்ற எண்ணமும் பிள்ளைகளிடம் நன்றாகவே வேலை செய்கிறது. கம்பெனிகளுக்கு அது தெரியும். கேம் ரவுண்டு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஆட்டத்தில் நிஜமாகவே அறிவு தெரியுமா, இல்லை கண்துடைப்பா?

கவனமாகச் செய்த ஆட்டமென்றால் தெரியும். 2022-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், திட்டமிட்டு உருவாக்கிய ஆட்டத் தொகுப்பு அளந்ததும் வழக்கமான அறிவுத்திறன் தேர்வு அளந்ததும் மிக நெருங்கி வந்தன. ஆடியவர்களும் ஆட்டத்தைத்தான் கூடுதலாக விரும்பினார்கள். ஆனால் அது ஆய்வாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. கடையில் விற்கும் ஒவ்வோர் ஆட்டமும் அப்படியா என்றால், விற்கிறவர் காட்டும் அத்தாட்சியைப் பொறுத்தது. பொறுமை, நேர்மை, கூட்டாக வேலை செய்யும் குணம் இதையெல்லாம் ஐந்து நிமிட ஆட்டத்தில் கண்டுபிடிப்போம் என்கிறவர்களை நான் அவ்வளவு சுலபத்தில் நம்புவதில்லை. ஞாபகம், வேகம், கவனம் என்றால் சரி.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது நல்லதா?

ஆட்டத்துக்குள் போய்விட்டால் நல்லது. புள்ளிக்கும் கட்டைக்கும் மொழி கிடையாது. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, இங்கிலீஷ் பத்தியைப் படித்துப் பதில் எழுதச் சொன்னால் திணறுவாள், வரிசை மாற்றத்தில் எங்கள் மாடியிலேயே அவள்தான் வேகம்.

இடறுவது வாசலில். விதிமுறை முழுவதும் இங்கிலீஷில் வரும், சிலதில் அதற்கும் நேரம் ஓடும். "பின்னோக்கிய வரிசையில் தொடவும்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு ஆட்டம் முழுவதும் முன்னோக்கியே தொட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் விதிமுறைகளில் வழக்கமாக வரும் இங்கிலீஷ் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். இருபது, இருபத்தைந்து சொல்தான் இருக்கும். ஒரு வாரம் போதும். பயிற்சிச் சுற்று கொடுத்தால் தாண்டிக் குதிக்காதீர்கள், அதை முழுதாக ஆடுங்கள். விதி புரியவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

செல்லில் கேம் ஆடியே பழகாத எனக்கு இது நஷ்டமா?

பெரும்பாலும் பெண் பிள்ளைகள் கேட்பது. "தம்பி பூரா நாளும் ஃபிரீ ஃபயர் ஆடுதான். எனக்கு வீட்டு வேலை முடிச்சு உக்காரவே பத்து மணி ஆயிருது. அவன்தான ஜெயிப்பான்?"

முதல் இரண்டு நிமிடத்தில் தம்பி கொஞ்சம் முந்துவான். திரையைப் பார்த்துப் பதறாமல் இருப்பது பழக்கத்தில் வருவது. ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இந்தத் தேர்வு முறையே கூடுதலாகப் பிடிப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சுட்டுத் தள்ளும் விளையாட்டில் வரும் கைவேகம் கட்டை நகர்த்தலில் உதவாது, அங்கே இரண்டு அடி முன்கூட்டி யோசிக்க வேண்டும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்தினால் எதிராளி வெட்ட முடியாது என்று பார்த்தவர்கள், பல்லாங்குழியில் எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று மனசுக்குள் எண்ணியவர்கள் அந்த யோசனையைப் பழகித்தான் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவை ஒருநாள் கட்டை நகர்த்த விட்டுப் பாருங்கள்.

நடுவில் கரண்டோ நெட்டோ போய்விட்டால்?

இங்கேதான் எனக்கு நிஜமாகக் கோபம் வரும். களக்காட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு பெரிய நிறுவனத்தின் கேம் ரவுண்டை வீட்டிலிருந்து எழுதினான். மூன்றாவது ஆட்டத்தில் மழை, கரண்ட் போனது, வைஃபை போனது. செல் நெட்டைப் பிடித்து மறுபடி உள்ளே வர நாலு நிமிடம். உள்ளே வந்தால் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது, மதிப்பெண் சைபர். மெயில் போட்டான். பதில் வந்தது, தானாகப் போகும் பதில்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி." அவ்வளவுதான். நானே மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இப்படிப்பட்ட மெயில்களைத் திறக்காமல் தள்ளியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய முடிந்தது: மலையடிவாரத்து ஊர்களில் இருக்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் பாளையிலோ ஜங்ஷன் பக்கமோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள், முடிந்தால் கல்லூரி லேபிலேயே உட்காருங்கள். லேப்டாப் சார்ஜ் நிறைந்திருக்கட்டும். இரண்டாவது சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். செல்லில் ஆடலாம் என்று இருந்தால்கூடப் பெரிய திரை நல்லது, சின்னத் திரையில் விரல் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டுவிடும். நெட் போனால் அந்த நிமிடத்தையே படம் எடுத்து, கல்லூரிப் பிளேஸ்மென்ட் அதிகாரி மூலமாக எழுதுங்கள். தனியாளாக எழுதுவதைவிட அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. என்ன செய்வது?

நிறக்குருடு ஆண்களிடம் அதிகம், பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. நல்ல ஆட்டங்களில் ஆரம்பத்திலேயே நிறம் மாற்றிக்கொள்ளும் வசதி, சிலதில் கூடுதல் நேரம் கேட்கும் வசதி இருக்கும். கேட்டால் கழித்துவிடுவார்களோ என்று பயந்து சொல்லாமல் ஆடித் தோற்பதைவிட, முன்கூட்டியே எழுதிக் கேட்பது மேல். பார்வைக் குறைபாடு, காது கேளாமை, கைநடுக்கம், கற்றல் குறைபாடு உள்ளவர்களும் அப்படியே. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. கேட்பது உங்கள் உரிமை, சலுகை கேட்பதாக நினைத்துக் கூசாதீர்கள்.

பயிற்சி செய்யலாமா? காசு கட்டிப் பயிற்சி வகுப்பு போகலாமா?

செய்யலாம். ஆட்டத்தின் மாதிரி தெரிந்திருந்தால் முதல்முறைப் பதற்றம் போகும், அதுதான் பெரிய லாபம். இணையத்தில் மாதிரி ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தினமும் இருபது நிமிடம், பத்துப் பதினைந்து நாள் போதும். அதற்கு மேல் கூடுவது கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி, "பலூனில் சரியான எண் சொல்லித்தருகிறோம்" என்கிறவர்களிடம் போகாதீர்கள்.

நண்பனை உட்காரவைத்து ஆடச் சொல்வது வேண்டாம். கேமரா ஓடும், பிறகு நேரில் கூப்பிட்டு மறுபடி ஆடச் சொல்கிறவர்களும் உண்டு.

"விளையாடினா வேலை, சம்பளம்" என்று டெலிகிராமில் வருகிறதே, அதுவும் இதுதானா?

கிடையவே கிடையாது. ஹோட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு, ஸ்பின் சுற்று, முதல் நாள் 150 ரூபாய் தருகிறோம் என்பார்கள், தரவும் செய்வார்கள். மூன்றாம் நாள் 'அடுத்த லெவல்' போக நீங்கள் பணம் கட்ட வேண்டும். அதோடு போயிற்று. உண்மையான கேம் ரவுண்டுக்கு யாரும் பணம் கேட்பதில்லை, பதிவுக் கட்டணம் என்றோ லேப்டாப் முன்பணம் என்றோ கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "விளையாடிக்கிட்டு இருந்துட்டு வேலைக்கு எழுதுனேங்கியே" என்று அப்பா திட்டுகிறார்.

உங்கள் அப்பாவை மாடிக்குக் கூட்டிவாருங்கள், ஐந்து நிமிடம் புள்ளி ஆட்டம் ஆடவிட்டு அனுப்புகிறேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, இரண்டு அப்பாக்கள் அப்படி வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் வேர்த்துவிட்டார்.

தோற்றால் காரணம் கேட்கலாமா? என் விவரமெல்லாம் எங்கே போகிறது?

கேட்கலாம். பதில் வருவது அபூர்வம். சில ஆட்டங்களில் முடிந்ததும் "உங்கள் பலம் இவை" என்று ஒரு பக்க அறிக்கை வரும், அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஜாதகக் குறிப்பு மாதிரி எல்லாருக்கும் நல்லதாகவே எழுதியிருக்கும், ஆனாலும் எதை அளந்தார்கள் என்று அதில் கொஞ்சம் துப்புக் கிடைக்கும்.

வெளிநாடுகளில் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். ஆள் எடுக்கத் தானியங்கிக் கருவி பயன்படுத்தினால், அது பாகுபாடு காட்டுகிறதா என்று வெளியாரை வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற நியூயார்க் நகரத்துச் சட்டம் 2023 ஜூலையிலிருந்து அமலாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த ஏஐ சட்டம், ஆள் எடுக்கும் கருவிகளை அதிக ஆபத்துள்ள பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தகவலைப் பற்றிய சட்டம், ஆட்டம் நியாயமா என்பதைப் பற்றியதல்ல. ஆகவே 'சம்மதம்' என்ற பெட்டியில் டிக் போடும் முன் இரண்டு வரியாவது படியுங்கள். எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், வேறு கம்பெனிக்குக் கொடுப்பார்களா என்ற இரண்டும் பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும்.

நான் ஊரில் கடை வைத்திருக்கிறேன். ஆள் எடுக்க நானும் இந்த மாதிரி கேம் வைக்கலாமா?

அண்ணாச்சிகள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பத்துப் பேர் விண்ணப்பிக்கிற இடத்தில் காசு கொடுத்துக் கேம் வாங்குவது வீண்செலவு. ஆயிரம் பேரை வடிகட்டுகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

ஜங்ஷன் பக்கத்து அல்வாக் கடை அண்ணாச்சி ஒருவர் என்ன செய்கிறார் தெரியுமா? வேலை கேட்டு வருகிற பையனிடம் பெயர், ஊர் கேட்டபின் தராசை மறைத்துவிட்டுக் கால் கிலோ அல்வாவைக் கரண்டியால் அள்ளி இலையில் வைக்கச் சொல்கிறார். பிறகு தராசில் வைத்துக் காட்டுகிறார். மூன்று முறை. முதல் முறை யாருக்கும் சரியாக வராது, அவருக்கும் அது தெரியும். இரண்டாவது, மூன்றாவது முறையில் பையன் முந்தின தப்பைப் பார்த்துக் கையைத் திருத்துகிறானா என்று பார்க்கிறார். எடுக்கவில்லையென்றால், "கை கனமா இருக்கு தம்பி, ஒவ்வொரு தடவையும் அம்பது கிராம் கூடப் போகுது" என்று சொல்லி, அந்த அல்வாவையே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புகிறார்.